பிரெஞ்சுக் கணக்குப் புலிகளும் என் ஓர்ப்படி பெயரும்

பழைய செய்தித்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, கண்ணாடி போட்ட ஒரு படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண். பதினாலு வயசு இருக்கும். கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த பசை போகவே இல்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றிருந்தபோது கீழே மஞ்சுநாத் வந்து நின்றார்.

மஞ்சுநாத் எங்கள் சூப்பர்வைசர். கன்னடக்காரர். எங்களைத் திட்டித் திட்டியே அவருக்குத் தமிழ் நன்றாக வந்துவிட்டது. அன்றைக்கு அவர் திட்டவில்லை. மெதுவாகப் பேசினார். அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

"ரெஜினாம்மா, அடுத்த திங்கக்கெழமைலேர்ந்து கையெழுத்து கெடையாது. மூஞ்சி பாக்குற மெஷின் வருது. எல்லாரும் ஆதார் எடுத்துனு வந்து மூஞ்சியக் காட்டணும்."

சுரண்டுவதை நிறுத்தினேன். ஏனென்றால் நான் ரெஜினா இல்லை. அது மஞ்சுநாத்துக்கும் தெரியும்.

ஒரு அட்டை, இரண்டு பொம்பளை

என் பெயர் அந்தோணியம்மாள். ரெஜினா என் கொழுந்தனார் மனைவி, எனக்கு ஓர்ப்படி. ஒரு கணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை முதலில் அவளுக்குத்தான் கிடைத்தது. மூன்று மாதம் போனாள். அதற்குள் கொழுந்தனாருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். போகும்போது கழுத்து அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "அக்கா, நீ போய்க்கினு இரு. யாரு பாக்கப் போறாங்க," என்றாள்.

எங்கள் வேலையில் இது புதிது இல்லை. ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் அவள் தங்கை வருவாள். தங்கைக்குக் கல்யாணம் ஆனால் அத்தை வருவாள். அட்டை ஒன்றுதான், ஆள் மாறும். இதற்குப் பதிலி என்று பெயர். கான்ட்ராக்ட்காரருக்கு வேண்டியது தலை எண்ணிக்கை.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஐம்பதுக்கு மேல் புது ஆள் எடுக்க மாட்டோம் என்றார்கள். நான் ஐம்பதைத் தாண்டியிருந்தேன். ரெஜினா என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவள். ஆக, அட்டையைப் போட்ட அன்றே எனக்குப் பன்னிரண்டு வயசு குறைந்தது. சினிமா நடிகைகளுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் குறைந்திருக்காது.

பதினோரு வருடம் ரெஜினாவாக இருந்தேன். ரெஜினா என்று கூப்பிட்டால் திரும்பினேன். ரெஜினா பாத்ரூமில் வாளி வைக்கவில்லை என்று திட்டினால் வாங்கிக்கொண்டேன். வருடாவருடம் ரெஜினாவின் பிறந்தநாளுக்கு ஆபீசில் கேக் வெட்டுவார்கள். அவள் ஓசூரில் தன் பிறந்தநாளையே மறந்து மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள். நான் இங்கே அவள் கேக்கைத் தின்றுகொண்டிருப்பேன். என் சொந்தப் பிறந்தநாள் எனக்கே தெரியாது. புனித அந்தோணியார் திருவிழா வாரத்தில் என்று அம்மா சொன்னது மட்டும் ஞாபகம்.

தவக்காலம் வந்தால் சிவாஜிநகர் மாதா கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்வேன். "சாமி, பொய்ப் பேர்ல வேலை பாக்குறேன்." பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்வார். நான்காவது வருடம் சாமியார் பெருமூச்சு விட்டு, "வேற புதுசா ஒண்ணும் இல்லியாம்மா?" என்று கேட்டார். இல்லை. எனக்கு வேறு பாவம் செய்ய நேரம் கிடைக்கவில்லை.

வேலை போனால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈஜிபுராவில் எனக்கு ஒரே ஒரு அறை. அதில் ஒரு அடுப்பு, ஒரு கட்டில், மாதா படம். கதவைச் சாத்தினால் என் வீடு. வேலை இல்லையென்றால் பொம்மனஹள்ளியில் மகன் வீட்டுக்குப் போக வேண்டும். மகன் நல்லவன். மருமகளும் கெட்டவள் இல்லை. ஆனால் அங்கே எனக்கு இடம் டிவி ஓடுகிற ஹாலில், சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில். எல்லோரும் சீரியல் பார்த்து முடித்தபிறகுதான் பாயை விரிக்கலாம்.

சன்னல் பார்க்கிற உத்தியோகம்

அந்த நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே வகுப்பு மணி கிடையாது, பரீட்சை கிடையாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் அறை அறையாக உட்கார்ந்து சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் மாதம், பாவம், எல்லோருக்கும் வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதுதான் வேலையாம்.

மெஷின் வந்த அந்த மாதம் அங்கே பிரெஞ்சுக் கணக்கு மேதைகள் என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். வராந்தா முழுக்கப் படங்கள். ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டுவது என் பொறுப்பு. கண்காட்சியை நடத்தியவர் வசந்தி மேடம், எங்கள் தமிழ்நாட்டுக்காரர். அவரும் கணக்கில் டாக்டர். தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வரப்போகிறார்கள், அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று என்னிடம் ஒத்திகை பார்த்தார்.

"உங்களுக்குப் புரிஞ்சுதுன்னா பிள்ளைங்களுக்கும் புரிஞ்சிடும் ரெஜினா," என்றார்.

அஞ்சாவது படித்தவளுக்கு இதற்குமேல் என்ன மரியாதை வேண்டும்? நான் துடைத்தேன், அவர் சொன்னார்.

பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. மேடம் சொல்லும்போதே பாதிப் பெயர் அவர் மூக்குக்குள் போய்விடும். நான் எழுதுகிற இந்த வாரத் தொடரைத் திருத்திக் கொடுக்கிற பத்திரிகைத் தம்பி, "பேரெல்லாம் நான் தேடிப் போடட்டுமா பாட்டி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பதினோரு வருடம் என் பெயரை யாரும் எழுதவில்லை, நான் செத்தா போனேன்? அவர்களும் ஒரு வாரம் பெயரில்லாமல் இருக்கட்டும்.

மத்தியானம் வரை படுக்கை

முதல் படத்தில் ஒருவர், தொங்குமீசை. சின்ன வயசிலிருந்தே மத்தியானம் வரை படுக்கையை விட்டு எழ மாட்டாராம். உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். படுத்தபடி கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று இரண்டு எண்ணால் சொல்லிவிடலாமே என்று கண்டுபிடித்தாராம். உலகமே மாறிவிட்டதாம். இது கட்டுக்கதையாகவும் இருக்கலாம் என்றார் மேடம். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஈயை அடிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது ஆம்பளைகளால் முடிகிற காரியம்தான்.

அப்புறம் வடக்கே ஒரு குளிர் நாட்டு ராணி அவரைப் பாடம் சொல்ல அழைத்தாள். காலை ஐந்து மணிக்குப் பாடம். சில மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி மனிதர் போய்விட்டார். மேடம் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். நான் ஈஜிபுராவில் ஐந்து மணிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்களை நினைத்துக்கொண்டேன். இந்தக் கணக்குப்படி எங்கள் தெருவில் ஒருத்தி மிஞ்சியிருக்கக் கூடாது.

அடுத்தவர் ஜட்ஜ். தீர்ப்புச் சொன்ன நேரம் போகக் கணக்குப் போடுவார். ஒரு புத்தகத்தின் ஓரத்தில், இதற்கு என்னிடம் அருமையான நிரூபணம் இருக்கிறது, எழுத இங்கே இடம் போதவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்கு ஒரு நிரூபணம் கண்டுபிடிக்க முந்நூற்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவும் வேறு நாட்டுக்காரர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். மறுநாள் நான் மஞ்சுநாத்திடம், மூன்றாவது மாடி பாத்ரூமை அருமையாகக் கழுவிவிட்டேன், ரெஜிஸ்டரில் எழுதத்தான் இடம் இல்லை என்றேன். அவர் என்னைக் கையோடு மூன்றாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜட்ஜ் ஐயாவை யாரும் அப்படிக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

ஒருவர் கணக்கு வேண்டாம், கடவுள் போதும் என்று இருந்தவர். பல்வலி வந்த ஒருநாள் கணக்கை நினைத்தாராம், வலி போய்விட்டதாம். உடனே இது கடவுள் கொடுத்த உத்தரவு என்று மறுபடி தொடங்கிவிட்டார். எனக்குக் கிராம்பு வைத்துத்தான் போயிற்று. உத்தரவு ஒன்றும் வரவில்லை.

இருபது வயசில் துப்பாக்கிச் சண்டையில் செத்த ஒரு பிள்ளையும் இருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் நுழைவுத் தேர்வில் கேள்வி கேட்டவர் முகத்தில் கரும்பலகை டஸ்டரை வீசியவனாம் அவன். அது மேதைக்கு உண்டான கோபம் என்றார் மேடம். அந்த டஸ்டரைக் குனிந்து எடுத்தது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்குக் கேள்வி எல்லாம் வாய் வரைதான் வரும்.

கடைசிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டப் படம். இவர்கள் ரொம்பப் பழைய ஆட்கள் இல்லை, கோட்டு சூட்டு போட்டவர்கள். பத்துப் பதினைந்து ஆம்பளைகள் சேர்ந்து, பிறக்கவே பிறக்காத ஒருத்தர் பெயரில் புத்தகம் புத்தகமாக எழுதினார்களாம். அந்த இல்லாத மனிதருக்கு ஒரு மகள், அவளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகைகூட அடித்தார்களாம். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பேர்ப்பட்ட குறும்பு பாருங்க ரெஜினா."

நானும் சிரித்தேன். கழுத்தில் அட்டை கனத்தது.

கடைசிப் படத்துப் பெண்

நான் பசை சுரண்டிய அந்தப் பெண்ணின் கதையை மேடம் கடைசியாக வைத்திருந்தார். அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று பெற்றவர்கள் அவள் அறையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தார்கள், குளிர்காயும் நெருப்பை அணைத்தார்கள், கம்பளித் துணியைப் பிடுங்கினார்கள். அவள் மெழுகுவர்த்தியை ஒளித்துவைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து படித்தாள். மை உறைந்துபோகுமாம்.

ஊரில் புதிதாகக் கல்லூரி வந்தது. ஆம்பளைகளுக்கு மட்டும். அங்கே சேர்ந்திருந்த ஒரு பையன் படிப்பை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டான். அவன் பெயர் மட்டும் ஏட்டில் இருந்தது. அவன் பெயருக்குப் பாடத்தாள்கள் வந்துகொண்டிருந்தன. இவள் அதை வாங்கிப் படித்து, அவன் பெயரிலேயே விடை எழுதி அனுப்பினாள். வாத்தியார் அசந்துபோய், அந்தப் பையனை வரச்சொல் என்றார். போய் நின்றது இவள்.

துடைக்கிற கை நின்றுவிட்டது. படிப்பை விட்டவன் பெயர், ஏட்டில் இருக்கிற பெயர், வேறு ஆள் செய்கிற வேலை. இது எங்கள் பதிலி வேலை. பாரிஸிலும் இருந்திருக்கிறது.

அவள் கதை அதற்குமேல்தான் மோசம். இரும்புத் தகடு எப்படி அதிர்கிறது என்று கணக்குப் போட்டுப் பரிசெல்லாம் வாங்கினாள். செத்தபோது அவள் தொழில் என்ன என்று எழுதுகிற இடத்தில் கணக்கு என்று எழுதவில்லை, சொத்து உள்ளவள் என்று எழுதினார்கள். பிற்பாடு பாரிஸில் பெரிய இரும்புக் கோபுரம் கட்டியபோது, பிரெஞ்சு நாட்டு அறிவாளிகள் எழுபத்திரண்டு பேர் பெயரை அதில் பொறித்தார்கள். எழுபத்திரண்டும் ஆம்பளை. மேடம் குரல் உடைந்துவிட்டது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "மேடம், வேற ஆளு பேர்ல எழுதுனது தப்பா?" என்று கேட்டேன்.

"தப்பா? எவ்ளோ பெரிய தைரியம் அது! உள்ளயே விடமாட்டேன்னா அவங்க வேற என்ன பண்ணுவாங்க?"

"என்னையும் வயசாயிடுச்சின்னு உள்ள விடல மேடம்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஓர்ப்படி, அட்டை, மெஷின், பொம்மனஹள்ளி. பதினோரு வருடத்தில் அவரிடம் நான் பேசிய மொத்தப் பேச்சைவிட அது அதிகம்.

மேடம் முகம் மாறியது. வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அது வேற ரெஜினா. இது வேற."

"எப்டி மேடம்?"

"அவங்க ஜீனியஸ்."

எனக்குப் புரிந்தது. மேதை செய்தால் தைரியம், பத்துப் பேர் கூடிச் செய்தால் குறும்பு, பெருக்குகிறவள் செய்தால் ஃபோர்ஜரி. அந்தக் கடைசி வார்த்தையையும் மேடமே சொன்னார். சொல்லிவிட்டு, பாவம், அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் இதைக் கேக்காத மாதிரி இருந்துக்கறேன்," என்றார். அவரால் முடிந்த உதவி அது.

மஞ்சுநாத் போட்ட வழி

உண்மையில் உதவ வழி பார்த்தது மஞ்சுநாத்தான். என் கதை வெளியே வந்தால் அவர் வேலையும் போகும். தெரிந்தே பதினோரு வருடம் ரெஜிஸ்டரில் டிக் அடித்தவர் அவர்.

கண்காட்சித் திறப்பு விழா வெள்ளிக்கிழமை. அதில் பழைய துப்புரவு ஆட்கள் நாலு பேருக்கு டைரக்டர் கையால் பொன்னாடை. அந்தப் பட்டியலில் ரெஜினா பெயரைப் போடச் சொல்லி மேடத்திடம் கேட்டார். மேடம் என் முகத்தைப் பார்க்காமலே போட்டுக்கொடுத்தார்.

"ரெஜினான்னு கூப்பிடுவாங்க. நீ மேல போ. டைரக்டர் பொன்னாடை போடுவாரு. போட்டோ எடுப்பாங்க," என்று என்னை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி விளக்கினார் மஞ்சுநாத். "அந்த போட்டோவ ஃபைல்ல வெச்சுடுவேன். டைரக்டரே இவதான் ரெஜினான்னு பக்கத்துல நின்னப்புறம் மெஷின்காரன் என்னாம்மா கேப்பான்? ஆதாருக்கு ரெஜினாவோட ஜெராக்ஸக் குடுத்துக்கலாம், ஜெராக்ஸ்ல எல்லாரும் ஒரே கறுப்புதான்."

நல்ல வழி. ரெஜினா வயசுப்படி எனக்கு இன்னும் ஏழு வருட வேலை இருந்தது. ஓசூருக்குப் போன் போட்டேன். ரெஜினா, "போ அக்கா, எனக்கும் ஒரு சால்வை ஆச்சு," என்று சிரித்தாள்.

எழாத கால்

வெள்ளிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரியவர்கள், நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடைசியில் சுவரோரம் நாங்கள். டைரக்டரும் தமிழ்க்காரர்தான். ஆனால் மேடையில் இங்கிலீஷ். எங்களிடம் டீ கேட்கும்போது மட்டும் தமிழ். அவர் பேசப் பேச, மேடம் மைக்கில் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னார்.

ஒரு பெண் வேறொருவர் பெயரில் வாழ வேண்டியிருந்தது. உழைப்பு அவளுடையது, பெயர் அவளுடையது இல்லை. இது அந்தக் காலத்துக் கொடுமை. நம்முடைய இடத்தில் இப்படி ஒருநாளும் நடக்காது. இதுதான் டைரக்டர் சொன்னது. கடைசி வரியைத் தமிழில் சொல்லும்போது மேடத்துக்கு இருமல் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு பொன்னாடை. அறிவித்த பெண் சிரித்துக்கொண்டே, பதினோரு வருடம் இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு படியையும் துடைத்தவர், ரெஜினா என்றாள்.

கால் எழவில்லை. வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுந்துவிட வேண்டும் என்றுதான் சேலையை இழுத்துச் செருகினேன். ஆனால் எழவில்லை. திட்டு ரெஜினாவுக்குப் போகட்டும், கேக்கும் அவளுக்கே போகட்டும். அந்தப் படிகளை அவள் துடைக்கவில்லை.

"ரெஜினா," என்று மறுபடி கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த மஞ்சுநாத் என் முழங்கையைத் தொட்டார்.

"எழுந்திரும்மா. ஒரு போட்டோ, முடிஞ்சுது. எழுந்திரு."

"ரெஜினா ஓசூர்ல இருக்கா," என்றேன். "நான் அந்தோணியம்மா."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் ஹால் முழுக்க யார் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தது. முன்வரிசை வரை கேட்டுவிட்டது. தலைகள் திரும்பின. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. மேடம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டைரக்டர் பொன்னாடையை விரித்தபடி கொஞ்சநேரம் நின்றார், பிறகு மடித்து மேசையில் வைத்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை என்னை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மஞ்சுநாத் தன்னையும் நான் ஏமாற்றிவிட்டதாக ஆபீசில் எழுதிக்கொடுத்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன், அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மேடம் போன் செய்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். ஈஜிபுரா அறையை அந்த மாதமே காலி செய்தேன். இதைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். டிவியில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது திங்கட்கிழமையை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை விழா முடிந்ததும் டீ கொடுக்க வேண்டியது என் முறை. பெயர் போனாலும் டீ போக வேண்டுமே. தட்டைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையிலிருந்து தொடங்கினேன். எல்லோரும் கப்பை எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் எடுத்தார்கள். டைரக்டர் வராந்தாவில் அந்தப் பிரெஞ்சுப் பெண்ணின் படத்துக்கு முன்னால் நின்று, விருந்தாளி ஒருவருக்கு எழுபத்திரண்டு பெயர் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிக் கப்பை எடுத்தார்.

"தேங்க்யூ, ரெஜினா," என்றார்.

தட்டோடு அங்கேயே நின்றேன்.

"அந்தோணியம்மா, சார்," என்றேன்.

அவர் ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி," என்றார்.